சில வருடமே இருந்த நாடுகளின் காசுகள்: நீலகிரி மலையில் வேறு யாராவது சேர்க்கிறீர்களா?

கேத்தி செப்புக்காசு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் தாத்தா ராணுவத்தில் இருந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஐ.நா. படைக்குப் போன இந்திய பிரிகேடோடு காங்கோவில் இருந்திருக்கிறார். அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து பாட்டி எனக்கு ஒரு காசு கொடுத்தார். சிவந்த வெண்கலம். ஒரு பக்கம் வாழைக்குலை. மறுபக்கம் நான்கு கைகளும் நுனியில் விரிந்த ஒரு சிலுவை வடிவம். 5 பிராங்க், 1961. நாட்டின் பெயர் கட்டாங்கா.

அன்றிலிருந்து எனக்கு இந்த வகைக் காசுகள் மேல்தான் ஆசை. கொஞ்ச காலமே இருந்த நாடு, யாரும் அங்கீகரிக்காத நாடு, ஒருவர் தானாகவே அறிவித்துக்கொண்ட நாடு. ஆனால் எங்கே கோடு போடுவது என்று தெரியவில்லை. இணையத்தில் தேடினால் கட்டாங்காவும் வருகிறது, யாரோ போன வருடம் கற்பனையில் உண்டாக்கிய ராஜ்ஜியத்தின் வெள்ளிக் காசும் வருகிறது. இரண்டையும் ஒரே ஆல்பத்தில் வைப்பதா? அப்புறம் நம் ஊர் ஈரத்தில் இதையெல்லாம் எப்படிக் காப்பாற்றுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெலிங்டன் ஓய்வு

தம்பி, நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். காங்கோ பெல்ஜியத்திடமிருந்து விடுதலை அடைந்தது 1960 ஜூன் 30. பதினோரு நாள் கழித்து, ஜூலை 11 அன்று, கட்டாங்கா மாகாணம் பிரிந்துவிட்டதாக மொயிஸ் சோம்பே அறிவித்தார். நாட்டின் செப்புச் சுரங்கங்களில் பெரும்பகுதி அங்கேதான். சுரங்கக் கம்பெனியின் பணமும் பெல்ஜியத்தின் துணையும் இருந்ததால் தனி வங்கி, தனி நோட்டு, தனி காசு என்று எல்லாம் வந்துவிட்டது. ஆனால் ஒரு நாடுகூட அதை முறையாக அங்கீகரிக்கவில்லை. 1963 ஜனவரியில் கதை முடிந்தது.

காசில் நீங்கள் பார்க்கும் சிலுவைக்கும் மதத்துக்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பகுதியில் ஐரோப்பியர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே செம்பை அந்த வடிவத்தில் வார்த்து பணமாகப் பயன்படுத்தினார்கள். புதிதாக வந்த நாடு தன் மண்ணின் பழைய பணத்தையே தன் காசில் அச்சடித்துக்கொண்டது. இந்த வகைக் காசுகளில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான்.

நம் பிள்ளைகள் அங்கே சும்மா போய் வரவில்லை. கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா 1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில் உயிரை விட்டார், பரம்வீர் சக்கரம் பெற்றார். எலிசபெத்வில்தான் அந்தக் கட்டாங்காவின் தலைநகர். உங்கள் தாத்தா கையில் அந்தக் காசு எப்படி வந்தது, எதற்குக் கொடுத்தார்கள், என்ன வாங்கினார் என்று பாட்டிக்குத் தெரிந்ததை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் இந்தக் காசுக்குப் பெரிய விலை கிடையாது. நிறைய அடித்திருக்கிறார்கள். ஆனால் யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்த காசு வேறு, கடையில் வாங்கிய காசு வேறு.

கோத்தகிரி தபால்தலை

அடுத்து நீங்கள் தேட வேண்டியது பயாஃப்ரா. 1967 மே 30 முதல் 1970 ஜனவரி 15 வரை இருந்தது. கிழக்கு நைஜீரியா. அந்தப் போரில் பட்டினியால் செத்த குழந்தைகளின் படங்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பத்திரிகையில் பார்த்திருப்பார்கள்.

காசு வந்த காரணம் முக்கியம். 1968 ஜனவரியில் நைஜீரியா தன் பழைய நோட்டுகளைச் செல்லாது என்று மாற்றியது. பயாஃப்ராவின் கையில் இருந்த பணமெல்லாம் ஒரே அடியில் காகிதமாகிவிடும் நிலை. அந்த மாதக் கடைசியிலேயே, ஜனவரி 29 அன்று, பயாஃப்ரா தன் சொந்த 5 ஷில்லிங், 1 பவுண்டு நோட்டுகளை வெளியிட்டது. பனை மரமும் உதய சூரியனும் இருக்கும். 1969ல் அலுமினியத்தில் காசு வந்தது: 3 பென்ஸ், 1 ஷில்லிங், 2½ ஷில்லிங். 6 பென்ஸ் என்று ஒன்று உண்டு, அது கிடைப்பது அரிது. சுற்றிலும் முற்றுகை, சாப்பாட்டுக்கே வழியில்லை, அந்த நேரத்தில் அடித்த காசு. கையில் எடுத்தால் எடையே இருக்காது.

நோட்டு மலிவு, நிறைய கிடைக்கிறது. வரிசை எண் அச்சிடப்படாத நோட்டுகளும் வருகின்றன. அவை புழக்கத்துக்குப் போகாமல் தங்கிவிட்ட மிச்சம். காசு வாங்கும்போது கவனம். நகைக்கடைத் தராசில் எடை போட்டு, கேட்லாக் எடையோடு ஒப்பிடுங்கள். எழுத்தின் ஓரம் மழுங்கி, மேற்பரப்பில் ஊசி முனை அளவு குழிகள் இருந்தால் அது அச்சடித்தது இல்லை, வார்த்தது.

லவ்டேல்

எனக்கு நேரெதிர் ருசி. போரும் பட்டினியும் இருக்கட்டும், தனி மனிதர்கள் உண்டாக்கிய நாடுகளையும் ஒதுக்க வேண்டாம். அதிலும் லண்டி.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் ஒரு சிறு தீவு. மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் என்பவர் அதை விலைக்கு வாங்கி, 1929ல் தன் தலை பொறித்த காசு அடித்தார். மறுபக்கம் பஃபின் பறவை. ஒரு பஃபின், அரை பஃபின். ஒரு பஃபின் என்றால் ஒரு பென்னி மதிப்பு. வகைக்கு 50,000 காசு. பர்மிங்காமில் அடித்த வெண்கலம், வேலைப்பாடு அரசுக் காசுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அரை பஃபினில் பறவையின் தலை மட்டும், ஒரு பஃபினில் முழுப் பறவை.

அரசு சும்மா விடவில்லை. 1870ஆம் வருட நாணயச் சட்டப்படி வழக்கு. இந்தத் தீவு தன் ஆட்சிப் பகுதி, இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அவர் வாதாடினார். எடுபடவில்லை. 5 பவுண்டு அபராதமும் செலவுத்தொகையும் கட்டச் சொன்னார்கள். மேல்முறையீட்டிலும் தோற்றார். காசு மட்டும் மிஞ்சியது. ஒரு நாட்டுக்கு எது நாடு என்ற உரிமையைக் கொடுக்கிறது என்ற கேள்வியை ஒரு பென்னி காசு நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறது. இதைச் சேர்க்காமல் வேறு எதைச் சேர்ப்பது?

இதே வரிசையில் ஆஸ்திரேலியாவின் ஹட் ரிவர். கோதுமை ஒதுக்கீட்டுத் தகராறில் லெனார்ட் காஸ்லி என்ற விவசாயி 1970ல் பிரிந்துபோனதாக அறிவித்தார். 1976 முதல் காசு. 2020 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். கடலில் பழைய போர்க்காலக் கோபுரத்தின் மேல் ராய் பேட்ஸ் 1967ல் அறிவித்த சீலேண்ட், அதற்கும் 1972லிருந்து காசு உண்டு.

வெலிங்டன் ஓய்வு

லவ்டேல் சார், லண்டியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் சீலேண்டையும் பயாஃப்ராவையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க என் மனசு ஒப்பாது. நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் காசைக் கொடுத்து யாராவது அரிசி வாங்கியிருக்கிறார்களா?

டிரான்ஸ்னிஸ்ட்ரியாவைப் பாருங்கள். மால்டோவாவிலிருந்து பிரிந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அங்கீகரிக்கவில்லை. ஆனால் அங்கே பஸ் டிக்கெட் எடுக்க அந்த ஊர் ரூபிள்தான் வேண்டும். 2014ல் பிளாஸ்டிக்கில் காசு விட்டார்கள். 1 ரூபிள் வட்டம், 3 ரூபிள் சதுரம், 5 ரூபிள் ஐங்கோணம், 10 ரூபிள் அறுகோணம். கண் தெரியாதவர்கூட விரலால் தடவிச் சொல்லிவிடலாம். கையில் வைத்தால் சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும், புற ஊதா விளக்கில் காட்டினால் ஒளிரும். என்னிடம் இருக்கும் 3 ரூபிளின் ஒரு மூலை தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. யாரோ ஒருவர் பையில் சாவியோடு கிடந்திருக்க வேண்டும். அந்தத் தேய்மானத்துக்காகவே அதை வாங்கினேன். வரைபடத்தில் இல்லாத நாடு, ஆனால் மளிகைக் கடையில் இருக்கிற பணம்.

கூடலூர் மகள்

எல்லோரும் நாடு, அரசு என்றே பேசுகிறீர்கள். நான் வேறு பக்கம் இருந்து வருகிறேன். எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்து, கப்பலேறி, மண்டபம் முகாம் தாண்டி, டான்டீ தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். 1968ல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியதே எங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

தேயிலைக்கு முன் இலங்கையில் காப்பிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சில்லறைத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கொழும்பில் காப்பி மில் வைத்திருந்த கம்பெனிகளும் தோட்டங்களும் தங்கள் பெயரைப் பொறித்துச் செப்பு, பித்தளை டோக்கன்களை அடித்துக்கொண்டன. காப்பிப் பழம் பறித்துக் கொட்டினால் கணக்குக்கு டோக்கன். அந்தக் கம்பெனியின் வட்டத்துக்குள் அதற்கு மதிப்பு. வெளியே வந்தால் வெறும் உலோகம். இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் கீலிங் தீவில் இன்னும் ஒரு படி மேலே: கிளூனிஸ்-ராஸ் குடும்பம் 1913ல் தேங்காய்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு என்று தனி டோக்கனே விட்டது. தீவும் அவர்களுடையது, கடையும் அவர்களுடையது, பணமும் அவர்களுடையது.

இதைவிடத் தெளிவான ஒரு "அங்கீகரிக்கப்படாத நாடு" எனக்குத் தெரியாது. எல்லை உண்டு, ஆளுகிறவர் உண்டு, பணம் உண்டு, வெளியேறத் தடை உண்டு. எங்கள் முன்னோர் தோட்டம் மாறும்போது அவர்கள் கடன் எவ்வளவு என்று துரை எழுதிக் கொடுக்கும் "துண்டு" இருந்தது. அந்தத் துண்டு கையில் இருந்தால்தான் அடுத்த தோட்டத்தில் சேர்ப்பார்கள். கடனையும் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். 1921ல்தான் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஹார்மன் தன் பறவைக் காசை அடித்தபோது வழக்குப் போட்ட பேரரசு, எங்கள் ஆட்களின் டோக்கனை எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

தம்பி, உங்கள் ஆல்பத்தில் ஒரு பக்கம் இதற்கும் ஒதுக்குங்கள். நீலகிரியில் உட்கார்ந்து சேர்க்கும் ஒருவர் இதை விட்டுவிடக் கூடாது.

கோத்தகிரி தபால்தலை

அக்கா, அருமையான பதிவு. இந்தியாவில் 1889ல் உலோக டோக்கன் சட்டம் கொண்டுவந்து, பணமாகப் பயன்படுத்த யாரும் சொந்தமாக உலோகத் துண்டு அடிக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். அது 2011 நாணயச் சட்டம் வரும்வரை தனியாக இருந்தது. இப்போது அதற்குள்ளேயே அடக்கம்.

குன்னூர் புதுமுகம்

நான் இந்தப் பக்கம் புதிது. என் மாமாவிடம் 1818 கிழக்கிந்தியக் கம்பெனி காசு இருக்கிறது. ஒரு பக்கம் ஆஞ்சநேயர், மறுபக்கம் தாமரை, "யு.கே.எல். ஒன் அணா" என்று இருக்கிறது. பல லட்சம் போகும், பரிசோதிக்க முன்பணம் கட்டுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். இதுவும் இந்த வகையில் வருமா?

வெலிங்டன் ஓய்வு

முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்று மாமாவிடம் இப்போதே, இன்றைக்கே சொல்லுங்கள்.

கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. சென்னையில் கம்பெனி அடித்த பகோடா என்ற தங்கக் காசுகளில் (வராகன்) திருமால் உண்டு, ஒரு வகையில் கோயில் கோபுரமும் உண்டு. அது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் இவர்கள் பொய்யை விற்கிறார்கள். செம்பில் ராமர், ஆஞ்சநேயர், 1818 என்று வருவதெல்லாம் பிற்காலத்தில் அடித்த வில்லைகள். இந்தியா முழுமைக்குமான ஒரு அணாக் காசே 1906–07ல்தான் வந்தது. அதுவும் செப்புநிக்கலில், வளைவு வளைவான ஓரத்தோடு. ராம டங்கா என்று கோயில்களில் பூஜைக்கு வைக்கும் வில்லைகள் வேறு. அவை பக்திக்காக உண்டானவை, பணமாக இருந்ததில்லை. அதில் தவறில்லை. அவற்றை ஐந்நூறு வருடப் பழமை என்று விற்பதுதான் தவறு.

அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லி இதே காசுகளை வைத்து நம் மாநிலத்தில் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறார்கள் என்பது செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். கற்பனை நாட்டுக் காசு ஆபத்தில்லாதது, ஏனென்றால் அது தன்னைக் கற்பனை என்று சொல்லிக்கொள்கிறது. இது அப்படி இல்லை.

கேத்தி செப்புக்காசு

ஆசாத் ஹிந்த் அரசின் காசு என்று ஒன்று பார்த்தேன். அதையும் கேட்டுவிடுகிறேன்.

கோத்தகிரி தபால்தலை

காசு கிடையாது. நேதாஜியின் அரசு சிங்கப்பூரில் 1943 அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்டது. 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி. அதன் பெயரில் நோட்டுகள் உண்டு. ஜெர்மனியில் அச்சிட்ட தபால்தலைகள் உண்டு, ஆனால் தபாலில் ஓடியதில்லை. உலோகத்தில் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். மலாயா தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் தங்கள் நகையைக் கழற்றிக் கொடுத்த அரசு அது. அதன் பெயரில் போலி விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

நம் நாட்டுக்குள்ளேயே பொருந்துவது ஹைதராபாத். 1947 ஆகஸ்ட் முதல் 1948 செப்டம்பர் 17 வரை யாரோடும் சேராமல் நின்றது. சார்மினார் பொறித்த அதன் காசு மலிவாகவே கிடைக்கிறது. இணைந்த பிறகும் அந்த ரூபாய் 1959 வரை செல்லுபடியானது. நாடு போயும் பணம் பதினோரு வருடம் நடந்திருக்கிறது.

கூடலூர் மகள்

வெலிங்டன் சார், உங்கள் அரிசிக் கேள்வியையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் அது எனக்கு இடிக்கிறது. நகோர்னோ-கராபாக், அசர்பைஜானுக்குள் ஆர்மேனியர்கள் தனியாக அறிவித்துக்கொண்ட குடியரசு. 2004 தேதியிட்டு லூமா, டிராம் காசுகள் வந்தன. ஆனால் அங்கே கடையில் நடந்தது ஆர்மேனியாவின் டிராம்தான். உங்கள் கணக்குப்படி அது சேகரிப்பாளர்களுக்காக அடித்த காசு, தள்ளுபடி. ஆனால் 2023 செப்டம்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களில் வீட்டைப் பூட்டிவிட்டு மலைப்பாதையில் வெளியேறினார்கள். 2024 ஜனவரி 1ஆம் தேதியோடு அந்தக் குடியரசே கலைக்கப்பட்டது. மொராக்கோ பிடித்துக்கொண்ட மேற்கு சஹாராவின் பெசெட்டா காசும் இப்படித்தான். மக்கள் அல்ஜீரிய அகதி முகாம்களில் அல்ஜீரிய தினாரைக் கொடுத்து வாங்குகிறார்கள். அவர்கள் பெயரில் காசு வெளிநாட்டு ஆல்பங்களில் இருக்கிறது.

வெளியேறிய ஒரு குடும்பத்திடம் அந்தக் காசு ஒன்று இருந்தால், அதை லவ்டேல் சாரின் சீலேண்டோடு சேர்த்து வைப்பீர்களா?

வெலிங்டன் ஓய்வு

வைக்க மாட்டேன். நீங்கள் சொன்ன பிறகு என் கேள்வி போதாது என்று தெரிகிறது. இன்னொரு கேள்வியும் வேண்டும்: இந்தப் பெயருக்காக யாராவது எதையாவது இழந்திருக்கிறார்களா?

நேர்மாறான உதாரணமும் உண்டு. தென் அமெரிக்காவின் தென்கோடியில், டியெரா டெல் ஃபுயேகோவில், ஹூலியோ பாப்பர் என்ற பொறியாளர் 1889ல் தன் பெயரில் 1 கிராம், 5 கிராம் தங்கக் காசு அடித்தார். நாடு என்று எதுவும் இல்லை. ஆனால் தங்கம் தங்கம்தானே, காசு ஓடியது. ஆக, நாடு இல்லாத காசும் உண்டு, காசு ஓடாத நாடும் உண்டு. தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்குக் கீழே என்று வைக்க எனக்கு இனி மனம் வராது.

லவ்டேல்

அப்படியானால் சீலேண்டுக்குக் கடைசிப் பக்கம் கொடுங்கள், நான் சண்டை போடவில்லை. லண்டியை மட்டும் முன்னால் வையுங்கள்.

ஈரத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நம் மலையில் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடி முழுக்க அப்படித்தான். இந்த வகைக் காசுகள் பெரும்பாலும் மோசமான உலோகத்தில் இருக்கும், ஏனென்றால் அவசரத்திலும் போரிலும் அடித்தவை. ஹிட்லரின் ஜெர்மனி செக் பகுதியில் உண்டாக்கிய பொஹீமியா–மொராவியாவின் போர்க்காலத் துத்தநாகக் காசு ஈரம் பட்டால் வெள்ளையாகப் பூக்கும், பிறகு அரித்துக்கொண்டே போகும். அதை நிறுத்துவது கஷ்டம். அலுமினியம் அவ்வளவு மோசமில்லை, ஆனால் கீறல் எளிதில் விழும், உப்பு பட்டால் புள்ளி விழும். விரல் வியர்வையே போதும். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

மஞ்சுகுவோ என்று சீனாவின் மஞ்சூரியாவில் ஜப்பான் உண்டாக்கிய பொம்மை அரசு 1944–45ல் உலோகம் தீர்ந்துபோய், சிவந்த நார்ப்பொருளை அழுத்தி 1 ஃபென், 5 ஃபென் காசு அடித்தது. அதைத் தண்ணீரில் போட்டால் ஊறி உப்பிவிடும். கழுவவே கூடாது.

மெல்லிய வழவழப் பிளாஸ்டிக் உறைகளை இன்றே தூக்கிப் போடுங்கள். பி.வி.சி. உறை சில வருடத்தில் பச்சையாக ஒட்டும் படலத்தை விடும், செம்பை அரிக்கும். அப்படி ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுக்கலாம். உலோகத்துக்கு மட்டும். டிரான்ஸ்னிஸ்ட்ரியா பிளாஸ்டிக்கையும் மஞ்சுகுவோ நார்க் காசையும் அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை, நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். மர பீரோவில் வைக்க வேண்டாம். மரம் விடும் அமிலமும் காசுக்கு ஆகாது.

அப்புறம், வீட்டில் யாராவது புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்றால் காசை ஒளித்து வைத்துவிடுங்கள். அந்தக் கட்டாங்கா காசின் மேல் இருக்கும் பழுப்பு அறுபது வருடமாகப் படிந்தது. தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

கேத்தி செப்புக்காசு

எல்லோருக்கும் நன்றி. ஆல்பத்தை மூன்றாகப் பிரித்துவிட்டேன். கையில் ஓடிய காசு ஒரு பகுதி. கூடலூர் அக்கா சொன்ன டோக்கன்கள் ஒரு பகுதி. ஓடாவிட்டாலும் ஒரு மக்களின் பெயரைச் சுமக்கிற காசு ஒரு பகுதி. தனி மனிதர்களின் நாடுகளைப் பிறகு பார்க்கலாம், லண்டி மட்டும் முதல் பகுதியிலேயே வருகிறது, தீவில் புழங்கியதால். ஒவ்வொரு காசுக்கும் பின்னால் ஒரு தாள்: யார் அடித்தது, எத்தனை நாள், என்ன உலோகம், யாரிடமிருந்து எனக்கு வந்தது.

1932 டான்சிக் காசு (இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் தனி நகர நாடாக இருந்தது, இன்று போலந்தின் கிடான்ஸ்க்) யாரிடமாவது மாற்றிக்கொள்ள இருக்கிறதா? மீன் பொறித்தது. 5 பெனிக், 10 பெனிக் எதுவானாலும் சரி. என்னிடம் ஹைதராபாத் சார்மினார் காசு கூடுதலாக இருக்கிறது.

கோத்தகிரி தபால்தலை

10 பெனிக் ஒன்று இருக்கிறது, காட் மீன். விளிம்பில் சின்ன அடி பட்டிருக்கிறது, தேதி தெளிவு. உங்கள் சார்மினார் காசின் இரண்டு பக்கமும் படம் போடுங்கள், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.